பிந்தி வரும் குரல்

ஜெயக்கொடி சிவகாசியிலிருந்து பஸ் ஏறி கோயம்புத்தூர் வந்து, சரவணம்பட்டியில் அந்த அலுவலகத்தைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தபோது, வரவேற்பில் இருந்த பெண் அவளை வேறு மாடிக்கு வந்தவள் என்று நினைத்தாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி, கையில் ஒரு கட்டைப்பை. கேம் தயாரிக்கும் கம்பெனிக்கு அப்படி யாரும் வருவதில்லை. எமுலேட்டர் செய்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று அவள் அந்தச் சொல்லைத் திருத்தமாகச் சொன்னதால்தான் சம்யுக்தாவுக்குத் தகவல் போயிற்று.

வீடுகளில் கணினி என்று ஒரு பொருள் இருந்த காலம் அப்போது முடிந்து போயிருந்தது. எல்லாக் கணக்கும் எங்கோ தொலைவில் நடந்தது. மக்களின் கையில் இருந்த போன், சுவரில் இருந்த டி.வி., எல்லாம் வெறும் திரைகள். வீட்டுக்குள் சொந்தமாகக் கணக்குப் போடக்கூடிய பெட்டி என்று மிஞ்சியது கேம் கன்சோல் ஒன்றுதான். சம்யுக்தா வேலை பார்த்த கம்பெனி அந்தக் கன்சோலுக்குள் அறுபது வருடத்துக்கு முந்தைய வீட்டுக் கணினிகளை ஓட வைத்து, அவற்றின் பழைய விளையாட்டுகளை விற்றது. ஒரு இயந்திரத்தை இன்னொரு இயந்திரமாக நடிக்க வைக்கும் அந்த மென்பொருளுக்குத்தான் எமுலேட்டர் என்று பெயர். அதை எழுதுகிற மூன்று பேரில் சம்யுக்தாவும் ஒருத்தி.

ஜெயக்கொடி பையிலிருந்து துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து மேஜையில் வைத்தாள். பள்ளிக்கூடப் புத்தகத்தின் அளவில் ஒரு கறுப்புக் கணினி. ரப்பர் விசைகள். எழுத்துகள் தேய்ந்திருந்தன. சம்யுக்தா இந்த இயந்திரத்தின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சில்லையும் படத்தில் பார்த்தவள். நேரில் தொட்டது அன்றுதான்.

"இது செத்துப்போச்சும்மா. ரிப்பேர் பாக்க ஆளு இல்ல. உங்க பெட்டிக்குள்ள இதே மெஷின் ஓடுதுன்னு சொன்னாக."

"ஓடுதுங்க. உங்களுக்கு எந்த கேம் வேணும்?"

"கேம் இல்ல. எங்க வீட்டுக்காரவுகளுக்குக் காது இதுதான்."

பிறகு அவள் விவரமாகச் சொன்னாள். அவள் கணவர் அய்யநாதனுக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. மதுரையில் ஒரு டாக்டரும் அவருடைய சிநேகிதரான ஒரு இன்ஜினியரும் அந்தக் காலத்தில் ஒரு பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். உள்காதுக்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே மின்துடிப்பு அனுப்பி ஒலியை உணர வைப்பது. ஒலியைத் துடிப்பாக மாற்ற ஒரு மூளை வேண்டும். வெளிநாட்டுக் கருவிகள் கைக்கு எட்டாத காலம். அந்த இன்ஜினியர் கடையில் கிடைத்த வீட்டுக் கணினியை எடுத்துக்கொண்டார். டேப் ரெக்கார்டரை மாட்டுவதற்கு அதில் ஒரு துளை இருந்தது. அதில் மைக்கைச் செருகினார். மறுபக்கத்திலிருந்து ஒரு கம்பி வந்து, அய்யநாதனின் காதுக்குப் பின்னால் ஒட்டும் வட்டில் முடிந்தது. புரோகிராம் கேசட்டில் இருந்தது. கணினியை அணைத்தால் மறந்துவிடும் என்பதால் ஒவ்வொரு நாளும் கேசட்டிலிருந்து அதை மறுபடி ஏற்ற வேண்டும்.

அந்தக் கம்பி எட்டும் தூரம்தான் அய்யநாதன் கேட்கக்கூடிய உலகம். ஒரு அறை, ஒரு நாற்காலி, எதிரே இன்னொரு நாற்காலி. அவர் அச்சகத்தில் காலண்டர் வடிவமைக்கிறவர். வெளியே உதட்டைப் படித்தே சமாளிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த அறையில் உட்கார்ந்தால் காது வரும். கல்யாணமாகி ஜெயக்கொடியின் குரலை அவர் முதலில் கேட்டது அங்கேதான்.

இப்போது நல்ல கருவிகள் வந்திருக்கின்றனவே என்று சம்யுக்தா கேட்டாள். கேட்டுப் பார்த்தோம் என்றாள் ஜெயக்கொடி. காய்ச்சலுக்குப் பிறகு உள்காது முழுக்க எலும்பாக இறுகிவிட்டது. பழைய கம்பி அந்த எலும்புக்குள் சிக்கிக் கிடக்கிறது. அதை எடுத்தால் வேறொன்று வைக்க இடமில்லை. அந்தக் கம்பிக்குப் புரிவது அந்த இன்ஜினியர் எழுதிய புரோகிராமின் துடிப்பு மட்டும்தான். டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை.

"நாலு மாசமா அவுக அந்த ரூமுக்கே வரமாட்டேங்குறாக" என்றாள் ஜெயக்கொடி. அழவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

சம்யுக்தா தன் மேலாளர் தினகரிடம் போனாள். தினகர் உடனே சட்டத்தைப் பேசினார். மனித உடலோடு இணையும் எதற்கும் மருத்துவ உரிமம் வேண்டும். கன்சோலில் விளையாடும்போது மாட்டிக்கொள்ளும் தலைக்கவசத்துக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழியாக மட்டும்தான் வட்டுக்குக் கம்பி எடுக்க முடியும். அதையும் கன்சோல் கம்பெனிக்காரன் கண்டுபிடித்தால் நம்முடைய எல்லா விளையாட்டுகளையும் கடையிலிருந்து தூக்கிவிடுவான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, தன்னிடம் இதைப் பற்றி இனிமேல் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் சிவகாசிக்குப் போனாள். திருத்தங்கல் சாலையில் வீடு. அய்யநாதன் மெலிந்த மனிதர், அறுபது இருக்கும். சம்யுக்தா பேசும்போது அவள் உதட்டை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அறையைக் காட்டினார். கணினிக்குத் திரையாக இருந்த பழைய டி.வி. இன்னும் அங்கேயே இருந்தது. சுவர்களில் எதிரொலி வராமல் இருக்கப் பழைய ஜமக்காளங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். மின்விசிறி போடுவதில்லை, போட்டால் கணினிக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்குமாம். சிவகாசி வெயிலில் புருஷனும் மனைவியும் இத்தனை வருடம் வேர்த்துக்கொண்டேதான் பேசியிருக்கிறார்கள்.

ஜெயக்கொடி காபி போடப் போனாள். சம்யுக்தா கேசட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நாடாவின் சுற்றுகளுக்கு நடுவே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. நாலு மாதத்தில் இப்படி ஆகாது.

வேறு கேசட் இருக்கிறதா என்று கேட்டாள். இது ஒன்றுதான் என்றார் அவர். இது ஓடிப் பல வருடம் ஆகியிருக்குமே என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அய்யநாதன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் பேசாமல் போனை எடுத்து எழுதிக் காட்டினார்.

'பூரணி போனதிலிருந்து நான் கேசட் போடவில்லை.'

யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அலமாரியின் மேல் மாலை போட்ட படத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவர் தொடர்ந்து எழுதினார். மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த மகள். ஒருநாள் சாயங்காலம் இந்த அறைக்குப் போன் செய்தாள். ஜெயக்கொடி போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். மகள் காய்ச்சல் என்று சொல்லவில்லை. தலைவலி, நாளைக்குப் பேசுகிறேன் அப்பா என்றாள். டெங்கு. ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. ஆறு வருடமாகிறது.

'நான் கடைசியாகக் கேட்ட குரல் அவளுடையது. அதற்கு மேல் வேறு எதையும் ஏற்ற வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் தினமும் திரையைப் போட்டுவிட்டு வந்து உட்காருவேன். ஜெயா பேசுவாள், நான் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள். மெஷின் அணைந்ததும் அவளாகவே கிளம்பி உங்களிடம் வந்துவிட்டாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?'

ஜெயக்கொடி காபியோடு வந்தாள். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், இதைச் செய்யாமல் விட்டுவிடலாமா என்று சம்யுக்தா யோசித்தாள். முடியாது என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அவருக்கு வேண்டாம், ஆனால் கேட்டு வந்தது அவர் இல்லை. யோசனை எங்கேயும் போய்ச் சேரவில்லை. திங்கள்கிழமை வேலையைத் தொடங்கினாள்.

நாடாவை மெல்லச் சூடாக்கி, சுற்றுச் சுற்றாகப் பிரித்து, புரோகிராமை மீட்பதற்கே பல வாரம் ஆயிற்று. அதைக் கம்பெனியின் எமுலேட்டரில் ஏற்றி, கன்சோலின் தலைக்கவசத் துளையிலிருந்து வட்டுக்குக் கம்பி இழுத்து, சிவகாசிக்கு எடுத்துப் போனாள். பழைய டி.வி. இருந்த இடத்தில் கன்சோலை வைத்தாள். அய்யநாதன் வட்டைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

"கேக்குதா?" என்றாள் ஜெயக்கொடி.

"கேக்குது."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சம்யுக்தா இரண்டு வார்த்தை பேசினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது பேசியது யார் என்று கேட்டார். ஜெயக்கொடி மறுபடி பேசினாள். அவரால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. சொற்கள் தெளிவாக இருந்தன. ஆனால் மனைவி, வந்த பெண், வாசலில் கூவிப் போன மீன்காரர், ஏன், அவரே பேசினாலும், எல்லாம் ஒரே குரல். யாருடையதும் இல்லாத குரல்.

"பரவால்ல" என்றார். "வார்த்தை புரியுது. போதும்."

ஜெயக்கொடி எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதன் பிறகு அய்யநாதன் தினமும் அறைக்கு வந்தார், உட்கார்ந்தார். ஜெயக்கொடியும் எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் லாரி வந்தது, தேங்காய் தீர்ந்துவிட்டது, கரண்ட் எப்போது போகும், இவ்வளவுதான் பேச்சு. பிறகு இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சம்யுக்தா போனில் விசாரித்தபோதெல்லாம் நல்லாயிருக்கு என்றே பதில் வந்தது. அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. குரல்கள் ஒன்றுபோல் இருப்பதுதான் குறை என்று நினைத்தாள். அதைச் சரிசெய்ய முடியும் என்றும் நினைத்தாள்.

காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை ஜெயக்கொடிக்குப் போனில் இப்படி விளக்கினாள்.

"இப்ப இருக்கறது அந்த மெஷின் என்ன செஞ்சுதோ அதை மட்டும் செய்யுதுங்க. எப்படித் தடுமாறுச்சோ அது இதுல இல்ல. அதுல ரெண்டு சில்லு ஒரே நினைவகத்துக்குப் போட்டி போடும். ஒண்ணு படம் வரையும்போது இன்னொண்ணு ஒரு நொடிக்கும் ரொம்பக் கம்மியான நேரம் காத்து நிக்கும். அந்த இன்ஜினியர் அந்தத் தடுமாத்தத்தையே அளவுகோலா வெச்சுட்டாருங்க. ஒருத்தர் குரலுக்கும் இன்னொருத்தர் குரலுக்கும் உள்ள வித்தியாசம் அதுலதான் இருக்குது."

"அதையும் செய்ய முடியுமா?"

"முடியும். உள்ள இருக்கற ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் தனித்தனியா நடிக்க வெக்கணும். ஆனா கன்சோல்காரங்க எங்களை மாதிரிச் சின்னக் கம்பெனிக்கு அந்தப் பெட்டியோட சக்தில ஒரு துண்டுதான் குடுப்பாங்க. அதுக்குள்ள ஓட்டுனா நிஜ நேரத்தைவிட மெதுவா ஓடும். குரல் சரியா வரும், ஆனா பிந்தி வரும்."

ஜெயக்கொடி கொஞ்சம் யோசித்துவிட்டு, உனக்கு எது சரின்னு படுதோ செய்யி தாயி என்றாள்.

சம்யுக்தா அதையும் செய்தாள். சாப்பிடும்போதும் அதே நினைப்பு. பழைய சில்லுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, கோடு கோடாகத் தொடர்ந்து, செத்துப்போன அந்தக் கணினியையே திறந்து அளந்து, அதன் தனிப்பட்ட குறைகளையும் சேர்த்து எழுதினாள். மைக்கில் வரும் ஒலியை வரிசையில் நிறுத்தி வைத்து, மெதுவாக ஓடும் எமுலேட்டருக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கும்படி அமைத்தாள். பேச்சு இல்லாத இடைவெளிகளை அது தாவிக் கடக்கும். அப்படிக் கடந்து, பிந்திப் போனதைப் பிடித்துவிடும்.

மூன்றாம் முறை சிவகாசிக்குப் போனபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. அய்யநாதன் வட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னங்க, கேக்குதா?" என்றாள் ஜெயக்கொடி.

அவள் உதடு மூடியது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அவர் கழுத்து சட்டென்று நிமிர்ந்தது.

"ஜெயா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் இரண்டு நிமிடம் போவதற்குள் அவருக்குத் தலை சுற்றியது. எதிரே அசையும் உதடு ஒன்று சொல்கிறது, காதில் அதற்கு முன் சொன்னது விழுகிறது. மோசமாக டப்பிங் செய்த படத்தைப் பார்ப்பது போல. வாழ்நாள் முழுவதும் உதட்டைப் படித்தவருக்கு அது தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மூடியதும் சரியாயிற்று. அன்றிலிருந்து மனைவியின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று ஆனது. இரண்டில் ஒன்று. அவர் அதற்கும் பரவாயில்லை என்றார்.

ஜெயக்கொடி அன்றும் அதிகம் பேசவில்லை. சம்யுக்தாவுக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்குப் பின்னாலேயே போனாள். ஜெயக்கொடி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்ன சரியில்லைங்கம்மா? சொன்னா மாத்திடறேன்."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்பறம் ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

ஜெயக்கொடி கீரைக் காம்புகளை ஒதுக்கி வைத்தாள்.

"அவுக கேசட் போடாம உக்காந்திருந்தது எனக்குத் தெரியும்" என்றாள்.

தான் சொல்லிவிட்டதாக அய்யநாதன் நினைப்பாரோ என்று சம்யுக்தா முதலில் பயந்தாள்.

"உங்கிட்ட சொல்லியிருப்பாக. சொல்லாட்டியும் பரவால்ல. அந்தக் கேசட்டப் போட்டா வீடே கிரீச்சுனு கத்தும்மா. அஞ்சு நிமிசம் விடாம கத்தும். பக்கத்து வீட்டுல சன்னலச் சாத்துவாக. அவுகளுக்கு அது தெரியாது. அந்தச் சத்தம் முடிஞ்சு புரோகிராம் ஏறுன பெறகுதான அவுகளுக்குக் காதே வரும்? அப்படி ஒரு சத்தம் இருக்குன்னு நானும் சொன்னதில்ல. பூரணி காரியம் முடிஞ்ச மறுநா அவுக உள்ள போயி உக்காந்தாக. சத்தம் வரல. அதுக்குப் பெறகு என்னைக்குமே வரல."

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்தீங்க?"

"தெரிஞ்சுதான் வந்தேன்." ஜெயக்கொடியின் குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரியில உள்ள விட்டது என்னைய மட்டும்தான். அவுக வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாக. அவ என்ன சொன்னா, எப்படிப் போனான்னு அவுக இன்னைக்கு வரைக்கும் கேக்கல. கேட்டா நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா சாயங்காலம் அந்த ரூமுல கொஞ்ச நேரம் மூஞ்சியப் பாத்துப் பேசுவேன். அப்புறம் துணி மடிக்கிற சாக்குல திரும்பிக்கிருவேன். திரும்பிக்கிட்டு எல்லாத்தையும் சொல்லுவேன். தெனமும். பக்கத்துல ஆளும் இருக்கணும், அவுக காதுலயும் விழக்கூடாது. மெஷின் அணைஞ்சதும் அவுக வர்றத நிறுத்திட்டாக. திரை எரிஞ்சாப் போதும், பழையபடி வந்து உக்காருவாகன்னுதான் உங்கிட்ட வந்தேன். நீ காதையே குடுத்துட்ட."

அதில் குறை சொல்லும் தொனி இல்லை. வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள் சம்யுக்தா. அது கேட்பதற்கே அபத்தமாக இருந்தது.

"குடுத்தத எப்படிப் பிடுங்குறது" என்றாள் ஜெயக்கொடி. "இருக்கட்டும். இனிமே நான் பேசாம இருந்துக்கிறேன். வயசாச்சு."

கிளம்பும் முன் சம்யுக்தா வழக்கம்போலச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைகளைச் சொன்னாள். வாய் தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தது. வட்டை ஈரத்தோடு ஒட்டக்கூடாது. கன்சோலை மூடி வைக்கக்கூடாது. ஒரேயடியாக நீளமாகப் பேச வேண்டாம், நிறுத்தி நிறுத்திப் பேசினால்தான் அது நேரத்தைப் பிடிக்கும். விடாமல் பேசினால் பேசப் பேச இன்னும் பின்தங்கிப் போகும்.

"எவ்வளவு பின்தங்கும்?"

"அரை மணி நேரம் விடாம பேசுனா, கடைசியில பேசுனது ஏழெட்டு நிமிஷம் கழிச்சுத்தாங்க அவருக்குக் கேக்கும்."

"நான் எந்திரிச்சு இங்கிட்டு வந்த பெறகுமா?"

"ஆமாங்க. நீங்க இங்க இருப்பீங்க. அங்க அவருக்கு நீங்க பேசிட்டே இருப்பீங்க."

ஜெயக்கொடி கீரையைக் கழுவினாள். சம்யுக்தா பஸ்ஸுக்குப் போனாள்.

கார்த்திகை பிறந்து சில நாளில் ஒரு சாயங்காலம், அய்யநாதன் அச்சகத்திலிருந்து வந்து, கைகால் கழுவி, அறையில் போய் உட்கார்ந்தார். அடுத்த வருடக் காலண்டர் வேலைகள் முடியும் நேரம். அவர் விரலில் நீல மை இருந்தது. வட்டை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். ஜெயக்கொடி கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். இரண்டு சட்டையை மடித்தாள். அவர் கண் மூடியே இருந்தது. அவள் திரும்பிக்கொள்ளவில்லை.

பேசத் தொடங்கினாள்.

ஹாஸ்டல் வார்டன் போன் செய்ததிலிருந்து சொன்னாள். மதுரைக்குப் போகிற வழியில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தியது, தனக்கு வந்த கோபம். ஆஸ்பத்திரியில் பூரணியின் கை எவ்வளவு சூடாக இருந்தது. தட்டணுக்கள் குறைந்துகொண்டே போவதை டாக்டர் சொல்லச் சொல்ல, தான் அவர் சட்டையில் இருந்த பேனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. இளநீர் வேண்டும் என்று பூரணி கேட்டது, கூடாது என்று நர்ஸ் சொன்னது. ஆறு வருடமாகச் சுவரிடம் சொல்லிப் பழகிய வரிசை அது. எங்கும் தடுமாறவில்லை.

"ரெண்டாவது நா ராத்திரி அவ அப்பா, அப்பான்னு சத்தமா கூப்புட்டா. மத்த நோயாளிக தூங்குறாகன்னு நர்ஸ் சொன்னா. அதுக்கு இவ, அவருக்குக் கேக்காது சிஸ்டர், கம்பி இவ்வளவு தூரம் எட்டாதுன்னு சொல்லிச் சிரிச்சா. ஆமாங்க, சிரிச்சா. அப்பறம் எங்கிட்ட, நான் கூப்புட்டேன்னு அப்பாட்ட சொல்லிராத, வெளிய உக்காந்து அழுவாருன்னா. அதான் சொல்லல."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். எதிரே அவர் முகம் அசையாமல் இருந்தது. அவர் இன்னும் டீக்கடையில் இருக்கிறாரா, சூடான கையில் இருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் பேச முடிந்தது. விடிகாலையில் மானிட்டரை அணைத்தது வரை சொல்லி முடித்தாள். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள்.

அறையில் அய்யநாதன் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

உலை கொதித்தது. அவள் அரிசியைப் போட்டு மூடினாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உள்ளே தள்ளினார். வெகுநேரம் கழித்து அய்யநாதன் சமையலறை வாசலில் வந்து நின்றார். அங்கே அவருக்கு எதுவும் கேட்காது. அவள் அவர் பக்கம் திரும்பி, அவர் தன் உதட்டைப் பார்க்கும்படி நின்றாள்.

"இளநி குடுத்தாகளா?" என்றார். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது.

"கடைசியில ஒரு வாய் குடுக்கச் சொன்னாக" என்றாள் ஜெயக்கொடி.

அவர் தலையாட்டினார். போய்த் தட்டுகளை எடுத்து வைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ரசத்தில் உப்பு இல்லை.

அதன் பிறகு அவள் சில நாள் பேசினாள், சில நாள் பேசவில்லை. பேசுகிற நாளில் நீளமாகப் பேசினாள், முடித்ததும் எழுந்து போனாள். ஒருமுறை அவரும், அவள் போன பிறகு, காலி அறையில் எதையோ நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். சமையலறை வரை கேட்டது. தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. அவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு நின்று கேட்டாள்.

மறு கோடையில் கன்சோல் கம்பெனி விதியைத் தளர்த்தியது. சின்னக் கம்பெனிகளுக்கும் பெட்டியின் முழுச் சக்தியும் கிடைத்தது. தினகர் அன்று எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். சம்யுக்தா முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தது சிவகாசிப் பெட்டிக்குத்தான். இனித் தாமதமே இருக்காது. உதடு அசையும்போதே குரல் கேட்கும். அய்யநாதன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவி பேசுவதைக் கேட்கலாம்.

அவள் ஜெயக்கொடிக்குப் போன் செய்தாள். ஜெயக்கொடி முழுவதையும் கேட்டுவிட்டு, அவுககிட்டயே கேட்டுக்கோ தாயி என்றாள். சம்யுக்தா அய்யநாதனுக்கு எழுதினாள். புதிய பதிப்பு தயார், வீட்டுக்கு வர வேண்டியதுகூட இல்லை, இங்கிருந்தே அனுப்பிவிடலாம், குரல் உடனுக்குடன் கேட்கும், அனுப்பட்டுமா?

பதில் மறுநாள் வந்தது.

'வேண்டாம் அம்மா. அவளுக்கு எழுந்து போக நேரம் வேண்டும்.'